சுவரில் தெரியும் கோலம்

அன்புள்ள ஐயா,

சர்க்கரையில் விழித்திரை போய் இரண்டு வருடமாகிறது. வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிகின்றன. டீக்கடைப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். இதைக்கூட போனில் பேசித்தான் அனுப்புகிறேன். மூன்று மாதமாக, சாயங்காலம் ஆனால் சுவரில் புள்ளிக்கோலம் தெரிகிறது. சில நாள் பட்டுப்பாவாடை கட்டிய சிறுமிகள் வரிசையாக நிற்கிறார்கள், பேசுவதில்லை. நிஜமில்லை என்று எனக்கே தெரிகிறது. மனைவியிடமும் சொல்லவில்லை. கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்களோ?

ஒரு வாசகர், மேற்கு மாம்பலம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் போன் ஊரை ‘மேற்கு மாம்பழம்’ ஆக்கியிருந்தது. மனமில்லாமல்தான் திருத்தினேன்.

கிறுக்கு இல்லை. சார்லஸ் போனே என்ற ஜெனீவாக்காரர் 1760-இல் தன் தாத்தாவைப் பற்றி எழுதினார். கண்புரையில் பார்வை மங்கிய அந்தக் கிழவருக்கு ஆட்கள், பறவைகள், கட்டடங்கள் எல்லாம் தெரிந்தன. புத்தி தெளிவாகவே இருந்தது. பின்னாளில் இதற்குப் பேரன் பெயரையே வைத்து, சார்லஸ் போனே சிண்ட்ரோம் என்றார்கள். கண்ணிலிருந்து வர வேண்டியது வராதபோது மூளை சும்மா இருப்பதில்லை, தானே வரைகிறது. உங்களுடையது மாம்பலத்து மூளை, கோலம் போடுகிறது. விளக்கைப் போட்டாலோ கண்ணை அப்படியும் இப்படியும் உருட்டினாலோ சிலருக்குக் கலைந்துவிடும். ஆனாலும் கண் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தாலும் வேறு நோயாலும்கூட உருவங்கள் தெரியலாம். குரலும் கேட்டால் தள்ளிப்போடவே வேண்டாம்.

என்னை உறுத்தியது அந்த டீக்கடைதான். என் சித்தப்பாவுக்கு கிளாகோமா என்ற கண் நோய். அதில் பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகும். பேப்பரை மளமளவென்று படிப்பார், பக்கவாட்டில் நின்று கையாட்டும் ஆள் தெரியாது. சைதாப்பேட்டையில் முப்பது வருடச் சிநேகிதர் ஒருவர், “பார்த்தும் பார்க்காத மாதிரி போறான்” என்று பேச்சையே நிறுத்திவிட்டார். சித்தப்பாவும் வாயைத் திறக்கவில்லை. ரோஷம். ஒன்றரை வருடம் கழித்து சித்திதான் போய்ச் சொன்னார்.

மறுநாளே சிநேகிதர் வந்து, “டேய், நான்தான், வலது பக்கம் நிக்கிறேன்” என்றார். “யார்னு சொல்லு பார்ப்போம்” என்று விளையாடாத ஒரே ஆள் அவர். கையைப் பிடித்து இழுக்கவும் மாட்டார். முழங்கையை நீட்டுவார், சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் நடப்பார். டீ கிளாஸைக் கையில் திணிக்காமல், பெஞ்சில் டொக்கென்று சத்தம் வர வைப்பார்.

மனைவியிடம் இன்றைக்கே சொல்லுங்கள். டீக்கடைக்கும் தகவல் போகட்டும்.

ஆமாம், அந்தச் சிறுமிகளின் பாவாடை என்ன நிறம் என்று எழுதவேயில்லையே?