ஒரே சம்பளம் என்றால் இடைவெளி எப்படி?

கேள்வி: பங்குச்சந்தையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். எங்கள் ஆண்டறிக்கையில் ஆண்களின் இடைநிலைச் சம்பளத்தைவிடப் பெண்களுடையது மிகவும் குறைவாக இருக்கிறது. ஹெச்.ஆர். துறையினரோ, ஒரே கிரேடில் இருபாலருக்கும் ஒரே சம்பளம்தான் என்று அடித்துச் சொல்கிறார்கள். எதை நம்புவது?
- வாசகி, மாரத்தஹள்ளி, பெங்களூரு

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம், இரண்டும் வேறு வேறு கணக்குகள். பெண் ஊழியர்கள் அனைவரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் வாங்குவதுதான் இடைநிலைச் சம்பளம், ஆண்களுக்கும் அப்படியே. சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் இதை வெளியிட வேண்டும் என்று, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியதால்தான் இந்த எண் உங்கள் கண்ணில் பட்டது. டெஸ்டிங்கிலும் சப்போர்ட்டிலும் பெண்கள் நிறைந்து, டெலிவரி மேனேஜர் போன்ற உயர்பதவி நாற்காலிகளில் ஆண்களே அமர்ந்திருந்தால், ஒவ்வொரு கிரேடிலும் சம்பளம் பைசா பிசகாமல் சமமாக இருந்தாலும், நடுவில் நிற்கும் பெண் கீழ்ப்படியில்தான் நிற்பார்.

ஆனால், 'ஒரே கிரேடு' என்ற பேச்சையும் நான் அப்படியே ஏற்க மாட்டேன். பெரும்பாலான நிறுவனங்களில் ஒரு கிரேடுக்கு ஒரே தொகை இருப்பதில்லை. இத்தனை லட்சம் முதல் இத்தனை லட்சம் வரை என்றுதான் வைத்திருப்பார்கள். புதிதாகச் சேருபவரிடம் பழைய நிறுவனத்தின் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி, அதன்மேல் இத்தனை சதவீதம் என்று பேசுவது உங்கள் ஊரில் பழகிப்போன வழக்கம். 10 லட்சம் வாங்கியவருக்கும், பேறுகால இடைவெளிக்குப் பிறகு 8 லட்சத்துக்கு வேலை பார்த்தவருக்கும் ஒரே மாதிரி 30 சதவீதம் கூட்டினால், ஒருவருக்கு 13 லட்சம், மற்றவருக்கு 10.40 லட்சம், 2 லட்சமாக இருந்த வித்தியாசம் 2.60 லட்சமாகிவிடுகிறது. யாரும் பாரபட்சம் காட்டியதாகத் தெரியாது. பழைய குறைவு புதிய அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறது.

ஒரே வேலைக்கு மட்டுமின்றி, ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் சம ஊதியம் தர வேண்டும் என்பது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். அது இன்று 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பில் அடங்கியிருக்கிறது. மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தின் பெண் சுருக்கெழுத்தர் சம ஊதியம் கேட்டுத் தொடுத்த வழக்கில், தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது என்ற வாதத்தையும், கொடுக்க வசதியில்லை என்ற வாதத்தையும் 1987-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

ஆகவே, உங்கள் கிரேடில் சம்பள வரம்பின் மேல்பாதியில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியவர்களுக்கு அந்த ஆண்டுப் பணி மதிப்பீட்டில் என்ன ரேட்டிங் போட்டார்கள் என்று ஹெச்.ஆர். துறையிடம் கேளுங்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், தேநீர் இடைவேளையில் கேட்டால் சிரித்துச் சமாளித்துவிடுவார்கள்.