வீட்டில் ஆள் இல்லாத ராத்திரி

கேள்வி: அன்புள்ள சகோதரிக்கு, எனக்கு வயது 57. திண்டுக்கல்லில் சொந்த வீடு, அரசு வேலை, இன்னும் மூன்று வருஷத்தில் ஓய்வு. மகளுக்கு இரண்டாவது பிரசவம் என்று மனைவி கோயம்புத்தூர் போய் மூன்று வாரம் ஆகிறது, திரும்பி வர இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ராத்திரி தனியாகப் படுக்க எனக்குப் பயம். பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பதினோரு மணிக்கு மேல் மாடியில் 'டக்'கென்று சத்தம் கேட்டால் உடம்பு வியர்த்துவிடுகிறது. எல்லா லைட்டையும் போட்டு, டிவியையும் ஓடவிட்டுத்தான் படுக்கிறேன், தாழ்ப்பாளை ஐந்தாறு தடவை எழுந்துபோய்ப் பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நாள் ஏதாவது சாக்குச் சொல்லி நண்பர் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். அவர் 'ஒரு கட்டிங் போடு, அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கிடுவே' என்கிறார். போன வருஷம் எங்கள் தெருவில் ஒருவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்து, மறுநாள் மத்தியானம்தான் பக்கத்து வீட்டுக்கே தெரிந்தது. மனைவியிடம் எதையும் சொல்லவில்லை, சிரிப்பாள். என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம்

பதில்: அண்ணா, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த 57 வருஷத்தில் ஒரு வீட்டில் ஒற்றை ஆளாக எத்தனை ராத்திரி படுத்திருப்பீர்கள்? சின்ன வயசில் அம்மா பக்கத்தில், அப்புறம் அண்ணன் தம்பிகளோடு வரிசையாகப் பாய் போட்டு, அப்புறம் கல்யாணம். நம் ஊரில் பெரும்பாலான ஆண்களின் கதை இதுதான். பழகாத ஒன்று வரவில்லை, அவ்வளவுதான். இதில் கோழைத்தனம் எங்கே வந்தது?

2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். புது இடத்தில் படுக்கும் முதல் ராத்திரி, மூளையின் ஒரு பாதி மற்றப் பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்காமல் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே இருக்கிறதாம். உங்களுக்கு வீடு பழசுதான், ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாத வீடு புதுசு. அதனால் உங்கள் மூளையும் அப்படித்தான் காவல் காக்கிறது என்பது என் கணிப்பு.

அந்த 'டக்' விஷயத்துக்கு வருகிறேன். பகல் முழுக்க வெயிலில் காய்ந்த தளம் ராத்திரி குளிரக் குளிரச் சுருங்கும். தகரமோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், மரக்கதவும் அப்படித்தான். ஃபிரிட்ஜ் ஓடி நிற்கும்போது ஒரு உதறல், தண்ணீர்க் குழாயில் ஒரு முனகல். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் யாரோ செருப்புக் காலோடு நடப்பதாக நான் ஒரு மாதம் நடுங்கியிருக்கிறேன், கடைசியில் பார்த்தால் பக்கத்து மாமரத்திலிருந்து இறங்கி வந்த மரநாய். இந்தச் சத்தமெல்லாம் உங்கள் மனைவி இருந்தபோதும் இருந்ததுதான், நீங்கள் கேட்கவில்லை. ஒரு நாள் எத்தனை மணிக்கு எந்தச் சத்தம் என்று நோட்டில் எழுதி வைத்து, விடிந்ததும் மாடியேறிப் பாருங்கள்.

பூட்டு விஷயத்தில் ஒரே ஒரு தடவை, ஆனால் நிதானமாக. 'கிரில் கேட் பூட்டினேன், கொல்லைக் கதவு போட்டேன், சிலிண்டர் மூடினேன்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தால் சந்தேகம் தீரும் என்று தோன்றும், உண்மையில் கூடத்தான் செய்யும். எத்தனையாவது தடவை பார்த்தது என்ற ஞாபகமே குழம்பிவிடும். டார்ச், கண்ணாடி, தண்ணீர், சார்ஜ் போட்ட போன் நான்கும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நண்பர் வீட்டுக்கு ஓடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவை ஓடும்போதும், 'நல்ல வேளை, தப்பித்தோம்' என்று மனசு எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த நாள் பயம் ஒரு படி ஏறும். படுத்த இடத்திலேயே இருந்தால், ஏறிய பயம் கொஞ்ச நேரத்தில், பலருக்கு அரைமணி முக்கால்மணியில், தானாக இறங்கும். அதை நீங்களே ஒரு தடவை பார்த்தால்தான் உடம்பு நம்பும், நான் எழுதினால் நம்பாது. எடுத்த எடுப்பில் எல்லா லைட்டையும் அணைக்கச் சொல்லவில்லை. முதல் இரண்டு மூன்று நாள் அந்த நண்பரை உங்கள் வீட்டு ஹாலில் வந்து படுக்கச் சொல்லுங்கள். அப்புறம் அவர் வேண்டாம், லைட்டும் டிவியும் இருக்கட்டும். அப்புறம் டிவியை நிறுத்துங்கள், அப்புறம் ஹாலில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு மட்டும். ஒரு படி சலித்துப்போன பிறகுதான் அடுத்த படி. தூக்கம் வராவிட்டால் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து ஏதாவது படியுங்கள், தாழ்ப்பாள் பக்கம் மட்டும் போகாதீர்கள். நெஞ்சு படபடத்தால் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். படுக்கும் முன் டிவியில் கொலை, கொள்ளைச் செய்தி வேண்டவே வேண்டாம்.

கட்டிங் யோசனை மகா மட்டம். சாராயம் சீக்கிரம் தூங்கவைக்கும், பின்னிரவில் தட்டி எழுப்பியும் விடும். இரண்டு மணிக்கு முழிப்பு வந்து தனியாக உட்கார்ந்திருப்பதற்குக் காசு வேறு கொடுக்க வேண்டுமா? டாக்டர் எழுதித் தராத தூக்க மாத்திரையும் கூடாது.

இப்போது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரி. தெருவில் ஒருவர் தூக்கத்தில் இறந்தது. மேலே உள்ளதெல்லாம் அப்புறம்தான், பயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. திருடனும் இல்லை, பேயும் இல்லை. ராத்திரி நமக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தெரியும் என்பதுதானே? இது நியாயமான கவலை, இதற்கு லைட்டைப் போட்டுப் பயனில்லை. ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். காலை ஆறரைக்கு உங்களிடமிருந்து போன் வராவிட்டால் மனைவி அவர்களைக் கூப்பிட வேண்டும் என்று பேசி வையுங்கள். 108 எண் உங்களுக்கே தெரியும். பிரஷர், சுகர் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று? இந்த வாரமே பாருங்கள். இதற்கெல்லாம் மனைவியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சிரிப்பார், சிரிக்கட்டும். அப்புறம் தினமும் ராத்திரி ஒன்பதரைக்குத் தானாகவே போன் பண்ணுவார், பாருங்கள்.

இவ்வளவும் முயன்றும் தூக்கமே இல்லை, பகலிலும் படபடப்பு என்றால் 14416-க்குப் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: அக்கா, எனக்கு வயசு 23, சென்னையில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன். கூட இருப்பவள் ஊருக்குப் போன அன்று, விடியற்காலை முழிப்பு வந்தது, கை கால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. பாட்டி 'அமுக்குவான்' என்கிறார், தலைமாட்டில் இரும்பு வைக்கச் சொல்கிறார்.

பதில்: தங்கச்சி, கனவு காணும் கட்டத்தில் உடம்பின் தசைகளை மூளை கட்டிப்போட்டு வைக்கும், இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர்கள் எல்லாம் கட்டிலிலிருந்து எழுந்து ஓடுவார்கள். சில சமயம் நீ முழித்த பிறகும் அந்தக் கட்டு அவிழ ஒரு நிமிஷம் தாமதமாகிறது, பாதிக் கனவும் கண்முன் நிற்கிறது, அதுதான் அமுக்குவான். விடியற்காலையில் கனவுத் தூக்கம் அதிகம் என்பதால் அப்போது வருகிறது. தூக்கம் கெட்டிருந்தாலும், மல்லாந்து படுத்தாலும் வர வாய்ப்பு கூடும். அடுத்த தடவை கத்த முயலாதே, ஒரு கால் விரலை மட்டும் அசைக்கப் பார். அடிக்கடி வந்தாலோ, பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வந்தாலோ நரம்பியல் டாக்டரிடம் காட்டு. பாட்டிக்காக இரும்பு வைப்பதென்றால் ஒரு சாவிக்கொத்து போதும், அரிவாள்மணையை வைத்துவிடாதே, தூக்கக் கலக்கத்தில் கை பட்டுவிடும்.