டர்போ கார் ஏன் திக்குகிறது? கேள்வி பதில்

பெட்ரோல் டர்போ எஞ்சின்தான் என் துறை. "மிதித்தால் வண்டி திக்குகிறது" என்று வந்த கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் முதலில் ஒன்று: வண்டி திக்கியதும் டர்போவை மாற்றக் கிளம்பாதீர்கள். சந்தேகப்பட வேண்டியவற்றில் அது கடைசி.

கேள்வி: 2000 ஆர்பிஎம் தாண்டி அழுத்தி மிதித்தால் வெட்டி வெட்டி இழுக்கிறது. மெதுவாக ஓட்டினால் ஒன்றும் தெரியவில்லை. எஞ்சின் விளக்கும் எரியவில்லை. எங்கே தொடங்குவது சார்?

மெதுவாகப் போகும்போது இல்லை, மிதித்தால்தான் வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பூஸ்ட், அதாவது வெளியேறும் வாயுவால் சுழலும் டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம், ஏறும்போது முதலில் காட்டிக்கொடுப்பவை இரண்டு: தீப்பொறியும் காற்றுக் குழாயும்.

ஸ்பார்க் பிளக்கில் தொடங்குங்கள். பூஸ்ட் ஏறினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடக் கூட, பிளக் முனைகளுக்கு நடுவே பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக் தேயத் தேய அந்த இடைவெளியும் அகலும். ஐடிலில் ஒழுங்காகத் தாவும் பொறி பூஸ்டில் தவறிவிடும். டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர். உங்கள் எஞ்சினுக்குக் கையேட்டில் போட்டிருக்கும் அளவே கணக்கு. பிளக்கைக் கையில் எடுத்ததும் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்த மாதிரி கருப்புக் கோடு தெரிந்தால், பொறி முனைக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்பக்கமாக இறங்கியிருக்கிறது. அப்படியானால் பிளக்கோடு, அதற்கு மின்சாரம் தரும் காயிலின் ரப்பர் உறையையும் மாற்றுங்கள். காயில் மேலேயே சந்தேகம் என்றால் அதைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் போவது) கூடவே இடம் மாறினால் காயில்தான்.

பிளக், காயில் சரி என்றால் குழாய். டர்போவில் தொடங்கி, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக, காற்றை எஞ்சினுக்கு அளந்து விடும் த்ராட்டில் வரை ஒவ்வொரு கிளாம்பையும் கையால் அசைத்துப் பாருங்கள். ஹோஸின் அடிப்பக்கத்தை மறக்க வேண்டாம். கிழிசல் சும்மா இருக்கும்போது மூடிக்கொண்டு கிடக்கும், பிசைந்து விரித்தால்தான் தெரியும். கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பியிருந்தால் அங்கே காற்று கசிய வாய்ப்பு அதிகம். குழாயை அடைத்து, எஞ்சினுக்குத் தாங்கும் அளவு காற்றழுத்தம் கொடுத்து, சோப்பு நீர் தடவினால் குமிழி வந்து இடத்தைக் காட்டிவிடும். மெல்லிய அழுத்தத்தில் புகை விட்டுப் பார்க்கும் சோதனையில் எதுவும் தெரியவில்லை என்பதற்காகக் கசிவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சில கிழிசல்கள் முழு பூஸ்டில்தான் திறக்கும்.

கேள்வி: மிதித்ததும் ஒரு நொடி கழித்துத்தான் இழுக்கிறது. ஜெர்க் எதுவும் இல்லை. இதுவும் பழுதா?

இல்லை, அது டர்போ லேக். வெளியேறும் வாயு டர்போவுக்குள் இருக்கும் சக்கரத்தைச் சுழற்றி வேகம் எடுக்க நேரம் வேண்டும். முன்பு இல்லாத தாமதம் இப்போது வந்திருந்தால் மட்டும் பாருங்கள்.

கேள்வி: என்னுடையது டீசல்...

டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வு, கரி பிடித்த டர்போ இறக்கைகள், டீசல் ஃபில்டர் என்று வேறு பாதை. டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சத்தம் வருகிற ப்ளோ-ஆஃப் வால்வு மாட்டினேன். அதிலிருந்து கியர் மாற்றும்போதெல்லாம் ஒரு திக்கல். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா அண்ணா?

உண்டு. ஏர் ஃபில்டரை அடுத்து இருக்கும் எம்ஏஎஃப் சென்சார் உள்ளே வந்த காற்றை எண்ணி முடித்துவிட்டது. கியர் மாற்றக் காலை எடுத்ததும் அந்தக் காற்றை வால்வு வெளியே ஊதிவிடுகிறது. எஞ்சினின் கணினியான ஈசியூவுக்கு அது தெரியாது, முழுக் காற்றுக்கும் சேர்த்து பெட்ரோல் தெளிக்கிறது. அந்தக் கணம் கலவையில் பெட்ரோல் மிஞ்சி வண்டி திக்கும். காற்றை உள்ளுக்கே திருப்பி விடும் பழைய வால்வை மாட்டுங்கள்.

கேள்வி: ரேஸ் கார்களில் காற்றை வெளியேதானே விடுகிறார்கள்? சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

அவற்றில் பலவற்றில் எம்ஏஎஃப்பே இல்லை. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை எம்ஏபி சென்சார் அளக்கும், அதிலிருந்து காற்றைக் கணக்கிடுவார்கள். நடுவில் வெளியேறிய காற்று கணக்கில் சேராது.

கேள்வி: என் காரில் எம்ஏஎஃப் இருக்கிறது, வால்வும் வெளியே ஊதுகிறது. திக்கலே இல்லை. உங்கள் விளக்கம் தப்பு.

எம்ஏஎஃப் எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? வால்வைத் தாண்டி, த்ராட்டில் பக்கம் இருந்தால் வெளியேறிய காற்றை அது எண்ணியே இருக்காது, திக்கவும் செய்யாது. ஃபில்டர் பக்கம் இருந்தும் திக்கவில்லை என்றால் யாரோ ஈசியூவை அதற்கேற்ப டியூன் செய்திருக்கலாம். காற்றை எண்ணும் இடம் எது, இழக்கும் இடம் எது என்று உங்கள் காரின் குழாயைப் பின்தொடர்ந்து பாருங்கள். மற்றவர் காரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இதற்கு மேலும் நான்கு பேர் இதே வால்வைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நால்வருக்கும் இதுதான் பதில்.

கேள்வி: எம்ஏஎஃப் சென்சாரை பிரேக் க்ளீனரால் துடைக்கலாமா?

கூடாது. அதற்கென்றே ஸ்ப்ரே இருக்கிறது, அதை மட்டும் அடியுங்கள். சென்சாருக்குள் இருக்கும் கம்பியைத் தொடாதீர்கள், முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

கேள்வி: ஸ்கேனரில் பி0299 என்ற பழுதுக் குறியீடு (கோட்) வந்திருக்கிறது. பூஸ்ட் குறைவு என்கிறார்கள். டர்போ மாற்றிவிடலாமா?

அதைத்தானே தொடக்கத்திலேயே வேண்டாம் என்றேன்! ஈசியூ கேட்ட பூஸ்ட் கிடைக்கவில்லை என்றுதான் அந்தக் கோட் சொல்கிறது. ஹோஸ் கழன்றாலும், வாயுவை டர்போவுக்குள் விடாமல் திருப்பும் வேஸ்ட்கேட் மூடாவிட்டாலும், காற்றை உள்ளுக்கே திருப்பி விடும் டைவர்டர் வால்வின் சவ்வு கிழிந்தாலும் அதே கோட் வரும். முதலில் ஒரு சுலபமான சோதனை: எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் பூஸ்ட் சென்சாரைப் பாருங்கள். கடல் மட்டத்தில் சுமார் 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும், மேட்டுப் பகுதியில் அதற்கேற்பக் குறையும். பெரிதாக மாறினால் சென்சாரே பொய் சொல்கிறது. சரியாக இருந்தால் ஓட்டும்போது கேட்ட பூஸ்டையும் கிடைத்த பூஸ்டையும் பதிவு செய்து ஒப்பிடுங்கள். திரையை நீங்கள் பார்க்காதீர்கள், பக்கத்தில் ஒருவர் பார்க்கட்டும்.

கேள்வி: திக்கும்போது எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது. அப்படியே ஊர் வரை போய்விடலாமா?

வேண்டாம். மின்னும் விளக்குக்குக் கடுமையான மிஸ்ஃபயர் என்று அர்த்தம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை நாசமாக்கும். ஓரமாக நிறுத்தி வண்டியை ஏற்றிச் செல்ல ஆள் கூப்பிடுங்கள்.

கேள்வி: மெக்கானிக்கிடம் போகும் முன் பழுதுக் குறியீட்டை (கோட்) அழித்துவிடவா?

அழிக்காதீர்கள். பழுது வந்த நேரத்தின் ஆர்பிஎம், லோடு, வெப்பநிலை எல்லாம் அந்தக் குறியீட்டோடு சேமித்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.