முதியோர் இல்லத்தில் அம்மாவுக்குப் படுக்கைப் புண்: 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று கையெழுத்துப் போட்டிருந்தால் கேட்க முடியாதா?

கேள்வி: என் அம்மாவுக்கு 79 வயது, மறதி நோய் இருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் நான், கோவைக்கு அருகே ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் 14 மாதங்களுக்கு முன் அவரைச் சேர்த்தேன். டெபாசிட் 3 லட்சம், மாதம் 25,000 ரூபாய். போன மாதம் பார்க்கப் போனபோது இடுப்புக்குக் கீழே ஆழமான புண். எழுந்து நடந்து விழுந்துவிடுகிறார் என்று இரவில் புடவையால் கட்டிலோடு கட்டி வைத்ததாக அங்கிருந்த ஆயாவே சொன்னார். உடனே அழைத்துவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். டெபாசிட்டைக் கேட்டால், 'பாதியில் போனால் திருப்பித் தரப்படாது, உடல்நலக் கேட்டுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற ஒப்பந்தத்தில் நான் போட்ட கையெழுத்தைக் காட்டுகிறார்கள். அம்மாவின் வீட்டை எழுதி வாங்கிக்கொண்ட தம்பி ஒரு ரூபாய்கூடத் தருவதில்லை. என்ன செய்யலாம்?

— வாசகி, சென்னை

பதில்: முதலில் அந்தக் கையெழுத்தைப் பற்றிய பயத்தை விடுங்கள். பராமரிப்பதாகச் சொல்லி மாதாமாதம் பணம் வாங்கியவர்கள், 'நாங்கள் பொறுப்பல்ல' என்று ஒரு வரியை அச்சடித்துக்கொண்டு கவனக்குறைவிலிருந்து தப்பிக்க முடியாது. சேர்க்கிற அன்று ஒரு கட்டுத் தாளை நீட்டுவார்கள். அம்மா பக்கத்தில் சக்கர நாற்காலியில் மிரண்டுபோய் உட்கார்ந்திருக்கும்போது எந்த மகள் அதை வரி வரியாகப் படிப்பாள்? உங்கள் மேல் தவறில்லை.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பணம் கட்டிய நீங்களும் நுகர்வோர், அந்தச் சேவையைப் பெற்ற அம்மாவும் நுகர்வோர். கவனக்குறைவு மட்டுமல்ல, சொல்ல வேண்டியதை மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். புண் வந்ததை அவர்களாக உங்களிடம் சொல்லவில்லை, நீங்களேதான் போய்ப் பார்த்தீர்கள். உங்கள் வழக்கின் பலமே அதுதான்.

அதனால் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஆதாரத்தைச் சேருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'படுக்கைப் புண்' என்று மட்டும் இருந்தால் போதாது. எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர், எவ்வளவு ஆழம், அட்மிட் செய்யும்போதே சீழ் பிடித்திருந்ததா, கை கால்களில் கட்டிய தடம் உண்டா என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். போட்டோக்களை எடுத்த போனிலிருந்து அழிக்க வேண்டாம். வாட்ஸ்அப் உரையாடல், பணம் கட்டிய ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். எழுந்திருக்க முடியாத ஒருவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது பராமரிப்பின் அரிச்சுவடி. அதைக் குறித்துவைத்த பதிவேட்டின் நகலைப் பதிவுத் தபாலில் கேளுங்கள். தராமல் இருந்தால், தரவில்லை என்பதையே நுகர்வோர் ஆணையத்தில் சொல்லலாம்.

அந்த ஆயாவின் பெயரை மட்டும் அவசரப்பட்டுப் புகாரில் எழுதிவிடாதீர்கள். உண்மையைச் சொன்னதற்காக அவர் வேலை போகக் கூடாது. பிரமாண வாக்குமூலம் தர அவர் மனமுவந்து சம்மதித்தால் பார்க்கலாம்.

கட்டி வைத்தது தனிக் குற்றம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிலையங்களில்கூட, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டும்தான் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. அங்கேயே அப்படியென்றால், ஒரு முதியோர் இல்லத்தில் ராத்திரி டியூட்டிக்கு ஆள் போதவில்லை என்று புடவையால் கட்ட யார் அதிகாரம் கொடுத்தது? இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 126, 127 பிரிவுகளின் கீழ் (சட்டவிரோதமாகத் தடுத்தல், அடைத்துவைத்தல்) போலீசில் புகார் தரலாம்.

பணத்துக்கு வருவோம். நீங்கள் கட்டியது மொத்தம் ஏறக்குறைய ஆறரை லட்சம். 50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கும். இல்லம் கோவையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே மனுச் செய்யலாம். கட்டணம் 200 ரூபாய், கெடு இரண்டு வருடம். டெபாசிட், ஆஸ்பத்திரிச் செலவு, அம்மா பட்ட வேதனைக்கு இழப்பீடு என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றில் கவனம் தேவை: ஒப்பந்தமே நியாயமற்றது, அதைச் செல்லாது என்று அறிவியுங்கள் என்று கேட்டால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியிருக்கும். அதனால் சேவைக் குறைபாடு என்றே மனுவை எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது நல்லது.

டெபாசிட் கைக்கு வந்ததும் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் விடாதீர்கள். கேட்க மகளோ மகனோ இல்லாதவர்கள் இன்னும் அதே இல்லத்தில்தான் படுத்திருக்கிறார்கள். மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்டச் சமூகநல அலுவலருக்கும் புகார் அனுப்புங்கள். அந்த இல்லம் பதிவு பெற்றதா, கடைசியாக எப்போது ஆய்வு செய்தார்கள், ஆய்வறிக்கையில் என்ன இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். முதியோர் உதவி எண் 14567-ஐயும் அழைக்கலாம்.

அப்புறம் தம்பி. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன் கீழ் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். அம்மாவால் முடியாவிட்டால் அவர் அதிகாரம் அளித்தவர் மனுச் செய்யலாம், தீர்ப்பாயம் தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். தம்பி வாங்கியது தான செட்டில்மென்ட் என்றால், 23ஆம் பிரிவில் அதை ரத்து செய்யவும் கேட்கலாம். பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதாவிட்டாலும், அன்பும் பாசமும் காரணமாகக் கொடுத்தது என்பதே மறைமுக நிபந்தனைதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் சொல்லியிருக்கிறது. பத்திர நகலைப் பார்த்த பிறகே இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

அம்மா தேறியதும் வேறு இல்லம் பார்ப்பீர்களானால், பகலில் போய்ப் பார்த்ததோடு நிறுத்தாமல் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை போய், எத்தனை பேருக்கு எத்தனை ஆயா என்று எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு வரியைப் பேனாவால் சேர்த்து இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள்: புண், காய்ச்சல், விழுதல் எதுவானாலும் 24 மணி நேரத்துக்குள் குடும்பத்துக்குத் தகவல், வெளியேறினால் 30 நாளில் டெபாசிட். இதற்குச் சம்மதிக்காத இடத்தில் அம்மாவை விட வேண்டாம்.