சேரம்பாடி பஸ் வந்ததால் பாதியில் நின்ற பேச்சு

அண்ணே, பந்தலூரில் மேற்படிப்பு வழிகாட்டி முகாம் முடிந்து பஸ் ஸ்டாண்டில் குடையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் சேரம்பாடி பஸ் வந்துவிட்டது. "புள்ள எந்நேரமும் போன்ல குண்டுவெடிப்பு, கொலைன்னே தேடுது டீச்சர். காலேஜ்லயும் அதத்தான் படிப்பேங்குது. நாளைக்குப் போலீஸ் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து நின்னா நாங்க என்ன பண்றது?" என்றீர்கள். படியில் கால் வைத்த பிறகு திரும்பி, "இதுக்கு வேலைன்னு ஒண்ணு இருக்கா?" என்றும் கேட்டீர்கள். இரண்டுக்கும் சேர்த்து எழுதுகிறேன். இதே பயத்தோடு, வாய்விட்டுக் கேட்காமல் இருக்கிற மற்ற பெற்றோர்களும் படிக்கட்டும்.

முதலில் போலீஸ். பயங்கரவாதத்தின் வரலாற்றைப் படிப்பது குற்றமில்லை. குன்னூரில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே வெலிங்டன் இருக்கிறது. அங்குள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் முப்படை அதிகாரிகள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். முடித்துப் போகும்போது சென்னைப் பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பாதுகாப்பு மற்றும் போர்த்திறனியலில் எம்.எஸ்சி. பட்டம் தருகிறது. அதே துறையில் நம் பிள்ளைகளும் சென்னைக்குப் போய் முதுகலை படிக்கலாம். உங்கள் மகள் ஆசைப்படும் பாடத்தைச் சீருடை போட்டவர்களே நம் மலையில் உட்கார்ந்து படிக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதற்காக உங்கள் பயத்தை அசட்டுப் பயம் என்று தள்ளிவிட மாட்டேன். 2008இல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர் ஒருவர் ஆராய்ச்சிக்காக அல்-காய்தாவின் கையேடு ஒன்றை இறக்கி வைத்திருந்தார் என்று பிடித்து ஒரு வாரம் போல அடைத்து வைத்தார்கள். அந்தக் கையேடு அமெரிக்க நீதித்துறையின் இணையதளத்திலேயே இருந்தது. வழக்கே போடாமல் விட்டார்கள், பிறகு 2011இல் போலீஸ் அவருக்கு 20,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. நம் நாட்டில் உபா என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் மாட்டினால் ஜாமீன் கிடைப்பதே குதிரைக்கொம்பு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அமைப்புகளை மட்டுமல்ல, தனி ஆளையே பயங்கரவாதி என்று அரசு அறிவிக்க முடியும். ஆகவே பாப்பாவிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: புத்தகம், பத்திரிகை, கோர்ட் தீர்ப்பு, கமிஷன் அறிக்கை, எதை வேண்டுமானாலும் படிக்கலாம். இயக்கங்கள் தாங்களே வெளியிடும் வீடியோவையும் கையேட்டையும் இறக்க வேண்டாம். டெலிகிராம் குழு எதிலும் 'சும்மா பார்க்க' சேர வேண்டாம். எதையும் ஸ்டேட்டஸில் போட வேண்டாம். அந்த மாதிரி மூலங்களைத் தொட வேண்டிய காலம் எம்.ஏ.வுக்குப் பிறகு வரும். அப்போது வழிகாட்டிப் பேராசிரியர் பக்கத்தில் இருப்பார், எழுத்தில் அனுமதியும் இருக்கும்.

இனி என் சொந்தப் பிழை ஒன்று. சில வருடங்களுக்கு முன் கோத்தகிரிப் பையன் ஒருவனை, பெயர் கம்பீரமாக இருக்கிறதே என்று, இளங்கலையிலேயே பாதுகாப்பியல் எடுக்கச் சொன்னேன். ராணுவத்துக்கு அதுதான் வாசல் என்று அவன் வீட்டில் நினைத்தார்கள். நானும் அந்த நினைப்பைத் திருத்தவில்லை. உடல் தகுதியில் அவன் தேறவில்லை. சரி, வாத்தியார் வேலைக்காவது போகலாம் என்று திரும்பியபோது அந்தப் பட்டம் கைகொடுக்கவில்லை. இன்று கோயம்புத்தூரில் வேறு ஏதோ வேலையில் இருக்கிறான். பார்த்தால் சிரிக்கிறான், எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை. அதிலிருந்து நான் சொல்வது: இளங்கலையில் பரந்த பாடமாக எடுங்கள். வரலாறு, அரசியல் அறிவியல், இல்லாவிட்டால் ஐந்து வருடச் சட்டப் படிப்பு. குறுகலான பாதை முதுகலையில் தொடங்கட்டும். 'பயங்கரவாத எதிர்ப்பில் மூன்று மாத டிப்ளமோ' என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதற்கு ஐந்து பைசா கட்டாதீர்கள்.

சயின்ஸ் குரூப் வீணாகிவிட்டது என்று வருந்துகிறீர்கள். வீணாகவில்லை. இந்தத் துறையில் பாதி வேலை எண்ணுவதுதான். அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகம் உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம் ஒன்றை வைத்திருக்கிறது. 1970 தொடங்கி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சம்பவங்கள் அதில் வரிசையாக உள்ளன: தேதி, இடம், ஆயுதம், இறந்தவர் எண்ணிக்கை என்று. தொடக்கத்தில் ஒரு தனியார் துப்பறியும் நிறுவனம் அட்டைகளில் குறித்து வைத்திருந்ததைத்தான் பல்கலைக்கழகம் வாங்கிக் கணினியில் ஏற்றியது. அதில் 1993ஆம் வருட அட்டைகள் கைக்கு வருவதற்கு முன்பே தொலைந்துபோயின. மும்பைத் தொடர் குண்டுவெடிப்பு நடந்த வருடம் அது. அந்த ஒரு வருடத்தைப் பின்னாலிருந்து முழுமையாக மீட்க முடியவே இல்லை. புள்ளிவிவரம் தெரிந்த பிள்ளைக்கு இங்கே மரியாதை அதிகம். அந்த அட்டைகள் எப்படித் தொலைந்தன என்று கேட்கத் தோன்றுகிற பிள்ளைக்கு இன்னும் அதிகம்.

அந்தத் தரவுத்தளத்துக்கு ஒரு விதி உண்டு. அரசாங்கம் அல்லாதவர்கள் செய்ததை மட்டுமே அது பயங்கரவாதமாக எண்ணும். இந்தச் சொல் பிறந்த கதையைப் பாருங்கள். பிரெஞ்சுப் புரட்சியில் 1793-94இல் ஆட்சியில் இருந்தவர்களே ஆயிரக்கணக்கானோரின் தலையை வெட்டினார்கள். அந்த ஆட்சிக்கு 'டெரர்' என்று வைத்த பெயரிலிருந்துதான் 'டெரரிசம்' என்ற ஆங்கிலச் சொல்லும் வந்தது. அரசின் செயலைச் சுட்டப் பிறந்த சொல் இன்று அரசை விட்டுவிட்டு எண்ணுகிறது. நம் ஊரில் 1911 ஜூன் 17இல் மணியாச்சி ஸ்டேஷனில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டார். 1918இல் வந்த, வெள்ளைக்கார அரசின் ரௌலட் கமிட்டி அறிக்கையில் அது சதிச் செயல். இன்று அந்த ஸ்டேஷனின் பெயரே வாஞ்சி மணியாச்சி. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோபமும் இல்லாமல் கும்பிடும் இல்லாமல் ஒரு பக்கம் எழுத முடிகிறதா என்று பாப்பாவிடம் கேளுங்கள். முடிந்தால் அவள் இதற்கு ஏற்றவள். வாஞ்சியைத் திட்டினாலோ போற்றினாலோ கட்டுரைப் போட்டியில் பரிசு கிடைக்கலாம், இந்தப் படிப்பில் கிடைக்காது.

கோயம்புத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரிக்கும் துணிமணிக்கும் நாம் இறங்கிப் போகிற ஊர். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அது எந்தப் பட்டியலிலும் பயங்கரவாதம் என்றே இருக்கும். அதற்கு இரண்டரை மாதம் முன்னால் ஒரு போலீஸ்காரர் கொலை செய்யப்பட்டு, தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். அது 'கலவரம்' என்று வேறு பெட்டிக்குள் போய்விடும். ஒரே ஊர், ஒரே குளிர்காலம், இரண்டு பெட்டி. இதனால்தான் இந்தத் துறைக்கு 'பயங்கரவாதமும் அரசியல் வன்முறையும்' என்று சேர்த்தே பெயர் வைத்தார்கள் என்று நான் நினைக்கிறேன். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் 1994இல் தொடங்கிய ஆய்வு மையத்தின் பெயரும் அப்படித்தான்.

அண்ணே, இந்த இரண்டாவது பெட்டியில்தான் உங்கள் அம்மா இருக்கிறார்கள்.

முகாமில் பாப்பா என்னிடம் தனியாகச் சொன்னாள், அப்பாயி இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து 1977 கலவரத்துக்குப் பிறகு வந்தவர் என்று. உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. 1948இல் இலங்கைத் தோட்டத் தமிழர்களுக்குப் பிரஜா உரிமை போனது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு வைத்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கூடலூர் வரைக்கும் வந்து அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் கொழுந்து பறித்தவர்களின் பேத்தி, 'மனுசன் ஏன் மனுசன அடிச்சு ஊரை விட்டு விரட்டுறான்' என்று கேட்டால் அது போனில் பார்த்துக் கெட்டுப்போன கேள்வியா? வீட்டில் கேட்டு வளர்ந்த கேள்வி. 77ஐப் பற்றியும் 83ஐப் பற்றியும் எழுதிய புத்தகங்கள் நிறைய. அவற்றில் கொழும்பும் யாழ்ப்பாணமும் வருகிற அளவுக்குத் தோட்டத்து லயங்கள் வருவதில்லை.

இன்னொன்றும் சொன்னாள். அப்பாயிக்குச் சிங்களம் பேச வருமாம், கோபம் வந்தால் அதில்தான் திட்டுவாராம். அதைக் கேட்டதும் எனக்கு உட்கார முடியவில்லை. தமிழும் சிங்களமும் இரண்டுமே தெரிந்து இலங்கையின் வன்முறை வரலாற்றை எழுதுகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். டெல்லியிலும் லண்டனிலும் இதை ஆராய்கிற பலர் தமிழ்ப் பத்திரிகையைக்கூட மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் படிக்கிறார்கள். உங்கள் வீட்டில் திண்ணைக்கும் அடுப்படிக்கும் இடையில் அந்த மொழி இலவசமாகக் கிடைக்கிறது. இந்தக் கோடை லீவிலேயே தொடங்கச் சொல்லுங்கள், எழுத்தைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். கூடலூரில் வளர்ந்ததால் மலையாளமும் காதில் இருக்கும். நாடுகாணி தாண்டினால் நிலம்பூர்க் காடு. 2016இல் அங்கே மாவோயிஸ்டுகள் இருவர் சுட்டுக்கொல்லப்பட்டபோது அங்கிருந்து வந்த பேப்பரை நேரடியாகப் படிக்க முடிந்தவர்களுக்குத்தான் கதை முழுசாகத் தெரிந்தது.

வேலை. 'பயங்கரவாத வரலாற்றாசிரியர்' என்று யாரும் விளம்பரம் கொடுத்து ஆள் எடுப்பதில்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தப் படிப்போடு போகக்கூடிய இடங்கள் உண்டு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வை வரலாற்றிலோ பாதுகாப்பியலிலோ எழுதி, ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால் முனைவர் பட்ட ஆய்வின் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் வரும். கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் அது ஒரு வழி. டெல்லியில் மனோகர் பரிக்கர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் போன்ற ஆய்வு நிறுவனங்கள் உள்ளன, இடங்கள் குறைவு. அரசு வேலைதான் வேண்டும் என்றால் யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வின் பொது அறிவு மூன்றாம் தாளில் உள்நாட்டுப் பாதுகாப்பு ஒரு பகுதி. உளவுத்துறையின் உதவி அதிகாரித் தேர்வையும், தேசியப் புலனாய்வு முகமைக்கு எஸ்.ஐ. எடுக்கும் எஸ்.எஸ்.சி. தேர்வையும் எந்தப் பட்டதாரியும் எழுதலாம். நீங்கள் பயப்படுகிற போலீஸ் வேலையிலேயே பாப்பா போய் உட்கார்ந்தால் என்ன செய்வீர்கள்?

சமூக வலைத்தள நிறுவனங்களும் வன்முறைப் பதிவுகளைப் பார்த்து நீக்க ஆள் எடுக்கின்றன. தமிழ் தெரிந்தவர்களும் அதில் வேலை செய்கிறார்கள். அதை நான் முதல் வேலையாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். நாள் முழுக்கச் சாவைப் பார்ப்பது இருபத்தொரு வயதுப் பிள்ளைக்குத் தாங்காது. இதே காரணத்துக்காக இன்னொன்றும் கேட்கிறேன்: ராத்திரி அவள் தூங்குகிறாளா? படம் பார்ப்பதை நிறுத்தி எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். ஆராய்ச்சிக்கு ரத்தம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

செலவு விஷயம் உங்களுக்குக் கவலை என்று தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். வீட்டில் முதல் பட்டதாரி என்ற சான்றிதழையும் தாலுகா ஆபீசில் இப்போதே வாங்கி வையுங்கள். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வரலாறு போட்டால் செலவு கைக்குள் அடங்கும். கூடவே மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் நுழைவுத் தேர்வையும் எழுதட்டும், இடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஊட்டியில் மூன்று வருடம் நன்றாகப் படித்துவிட்டு முதுகலைக்குப் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போகலாம். சென்னையில் எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ் ஃபைல்களைத் தொட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் தெற்கே இல்லை.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை கூடலூரில் இருப்பேன். பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எடுத்து வாருங்கள். மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை பெட்டியில் எங்காவது இருந்தால் அதையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வாருங்கள், லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். அம்மாவால் பஸ் ஏறி வர முடியுமா? முடியாது என்றால் சொல்லுங்கள், நானே சேரம்பாடிக்கு வருகிறேன்.