பெண்கள் பேசக் கூடாதா?

கேள்வி: எங்கள் ஊர்ச் சபைக்குப் பெண் குருவானவர் வந்திருக்கிறார். சபையில் பெண்கள் பேசக் கூடாது என்று பவுல் தெளிவாக எழுதியிருக்க, இது சரியா? கத்தோலிக்கர் இதில் உறுதியாக நிற்கிறார்களே?
(வாசகர், மாங்குளம்)

பதில்: பேசக் கூடாது என்று வன்னியில் இருந்துகொண்டா எழுதுகிறீர்கள்? போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தாய்மாரும் மனைவிமாரும். ஜனாதிபதி, தூதுவர், ஜெனீவா என்று யார் முன்னாலும் பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு கதைத்தவர்கள் இந்தப் பெண்கள்தான். என் பிள்ளை எங்கே என்று அரசாங்கத்தைக் கேட்கிற ஒரு தாய், ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலைத் தாண்டியதும் வாயை மூட வேண்டுமா? என்னால் இதை ஏற்க முடியாது.

சரி, பவுலுக்கு வருவோம். நீங்கள் சொல்வது 1 கொரிந்தியர் 14:34. அதே கடிதத்தில் 11:5ஐப் படியுங்கள். ஜெபிக்கிற, தீர்க்கதரிசனம் சொல்கிற பெண் தலையை மூடட்டும் என்கிறார். வாயை மூடச் சொல்லவில்லை. ரோமர் 16இல் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்பதும் இதே பவுல்தான். பெண் உபதேசிக்கக் கூடாது என்கிற 1 தீமோத்தேயு 2:12ஐக் காட்டி, ஆதாம் முதலில் படைக்கப்பட்டான், ஆகவே இந்த ஒழுங்கு எக்காலத்துக்கும் உரியது என்பவர்கள் மனச்சாட்சியோடுதான் சொல்கிறார்கள். தீமோத்தேயு இருந்த எபேசு சபையின் ஒரு சிக்கலுக்கு எழுதியதை எல்லா ஊருக்கும் சட்டமாக்க முடியாது என்பவர்களும் இருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம். தென்னிந்தியத் திருச்சபை 2013இல் புஷ்ப லலிதாவை நந்தியால் பேராயராகவே ஆக்கிவிட்டது.

கத்தோலிக்கரின் வாதம் வேறு. கிறிஸ்து பன்னிரண்டு ஆண்களைத் தெரிந்துகொண்டார், அதை மாற்றத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று 1994இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் எழுதினார். பாப்பரசர் பிரான்சிஸ் 2021இல் பூசையில் வேதம் வாசிக்கிற வாசகர், பீடத்தில் உதவுகிற பீடத்துணைவர் ஆகிய பணிகளைச் சட்டப்படி பெண்களுக்குத் திறந்துவிட்டார். குருத்துவம் இந்தப் பக்கத்தில் தீர்கிற சங்கதி அல்ல. ஆனால் பங்குச் சபை? நிதிக் குழு? அங்கே பெண்களைத் தடுக்கத் திருச்சபைச் சட்டம் எதுவும் இல்லை. பிறகு ஏன் மறைக்கல்வியும் பூச்சோடிப்பும் கூட்டித் துடைப்பதும் பெண்களிடம், கணக்குப் புத்தகம் மட்டும் ஆண்களிடம்? இதை முன்பு நான் எழுதியபோது கோபக் கடிதங்கள் வந்தன. இந்தக் கேள்விக்கு ஒரு கடிதத்திலும் பதில் இல்லை.

மன்னார் மடுத் திருத்தலத்து மாதாவின் கதையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கத்தோலிக்கரைத் துன்புறுத்திய ஒல்லாந்தருக்குப் பயந்து 1670இல் மாந்தையிலிருந்து சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மக்கள் காட்டுக்குள் வந்தார்கள். அங்கே முதற்கோயிலைக் கட்டியவர் எலேனா என்ற பெண், ஒரு போர்த்துக்கேயக் கப்பித்தானின் மகள் என்றுதான் மரபு சொல்கிறது. ஆவணித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்க் கொட்டில் போட்டுத் தங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? சுவாமிமாரே, ஒரு பிரசங்கத்திலாவது சொல்லுங்கள்.

மாங்குளத்து வாசகரே, புதிய குருவானவரின் பிரசங்கம் சரியில்லை என்றால் எழுதுங்கள், போடுகிறேன். அவர் பெண் என்பதுதான் குறை என்றால், 14:34ஐ 11:5ஓடு சேர்த்து விளக்கி எழுதுங்கள். அதையும் போடுகிறேன்.