விபத்தே நடக்காதவர் எந்தக் கதையைச் சொல்வது?

கேள்வி: தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். மாதம் ஒருமுறை தொழிலாளர்களையும் மேலாளர்களையும் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேச வேண்டும். விதிகள், விபத்துக் கணக்கு எல்லாம் ஸ்லைடில் இருக்கும். பத்தாவது நிமிடமே பாதிப் பேர் போனை எடுத்துவிடுகிறார்கள். 'சொந்த அனுபவத்தைக் கதையாகச் சொல்லுங்கள்' என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு விபத்து எதுவும் நடந்ததில்லை. கொஞ்சம் கற்பனை சேர்க்கலாமா? என்னைப் பற்றியே பேசினால் தற்பெருமையாகத் தெரியாதா?

பதில்: கற்பனை வேண்டாம். எதிரே இருப்பவர்கள் உங்களோடு தினமும் வேலை பார்ப்பவர்கள். 'இது எப்போ நடந்துச்சு சார்?' என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், கதையோடு சேர்த்து நீங்கள் காட்டிய கணக்கையும் நம்ப மாட்டார்கள்.

விபத்து நடக்கவில்லை, சரி. நடக்கப் பார்த்தது எத்தனை முறை? 'நியர் மிஸ்' என்று பதிவேட்டில் எழுதுவீர்களே, அதில் நீங்கள் எழுதாமல் விட்ட உங்கள் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கும். 'ஒரு நிமிஷ வேலைதானே' என்று கண்ணாடி போடாமல் கிரைண்டர் பக்கம் போயிருப்பீர்கள். ஏணியைப் பிடிக்க ஆள் வருவதற்குள் ஏறியிருப்பீர்கள். மின்சாரத்தைத் துண்டிக்காமல் மெஷினுக்குள் கைவிட்ட ஒருவரைப் பார்த்தும், மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டதென்று பேசாமல் கடந்து போயிருப்பீர்கள். கடைசி வகையில் ஒன்று இருந்தால் அதையே எடுங்கள். விதி தெரிந்தவரே கண்டும் காணாமல் போன இடம் அது. அந்த இடத்தில் கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தன் முகம் தெரியும்.

தற்பெருமை பற்றிய பயமும் இதிலேயே தீர்ந்துவிடும். கதையில் நீங்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தால்தான் அது தற்பெருமை. 1987-இல் அல்கோவா அலுமினிய நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்த பால் ஓ'நீல், முதலீட்டாளர்களிடம் பேசிய முதல் பேச்சிலேயே லாபத்துக்கு முன்னால் தொழிலாளர் பாதுகாப்பை வைத்தார். சில மாதங்களில் அவருடைய ஆலை ஒன்றில் ஒரு தொழிலாளி இறந்துபோனார். உயர் அதிகாரிகளைக் கூட்டி, அந்த மனிதரை நாம்தான் கொன்றோம், இது என் தலைமையின் தோல்வி என்று சொன்னார் ஓ'நீல். அந்தப் பேச்சை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

சொல்லும்போது 'ஒரு கதை சொல்லப் போகிறேன்' என்று அறிவிக்காதீர்கள். நேரே இடத்துக்குள் போய்விடுங்கள்: 'போன வருஷம் ஒரு சாயங்காலம், ஷிஃப்ட் முடிய பத்து நிமிஷம் இருந்தது. அவர் கை உள்ளே இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நடந்தேன்.' இப்படி. இரண்டு நிமிடம் போதும். வாசனையோ சத்தமோ ஏதாவது ஒன்று நினைவிலிருந்தால் சேருங்கள், ஐந்தாறு வேண்டாம். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டுக்குப் போன பிறகு உங்களுக்கு என்ன தோன்றியதோ, அதுதான் கதையின் முடிவு. முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் தடுமாறினால் பரவாயில்லை.

அந்த நேரத்தில் திரையில் கணக்கு ஓடக் கூடாது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பசியில் வாடும் ரோகியா என்ற ஒரே ஒரு சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள், பசி பற்றிய புள்ளிவிவரம் படித்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நன்கொடை கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களோ, சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்களைவிடக் குறைவாகவே கொடுத்தார்கள். அது நன்கொடை பற்றிய ஆய்வுதான். ஆனாலும் கதையையும் கணக்கையும் ஒரே மூச்சில் கொடுக்காமல் இருப்பது நல்லது என்றே எனக்குப் படுகிறது. பவர்பாயிண்டில் ஸ்லைடு ஓடும்போது 'B' எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும். கதையைச் சொல்லி முடித்து, கொஞ்சம் மூச்சு விட்டு, அப்புறம் திரையைத் திறங்கள். கணக்கு கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் மேலாளர்கள் புதுத் தடுப்புக் கம்பிக்குப் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

ஆறாத காயத்தை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். நான் ஒருமுறை என் குடும்பத்தில் அப்போதுதான் நடந்திருந்த ஒரு மரணத்தைக் கூட்டத்தில் சொல்லப்போய் நடுவில் உடைந்து அழுதுவிட்டேன். எல்லோரும் அன்பாக ஆறுதல் சொன்னார்கள். நான் எதற்காக அதைச் சொல்ல வந்தேன் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. அழாமல் ஒரு நண்பரிடம் சொல்ல முடிகிற கதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவருக்கு நடந்ததைச் சொல்வதானால் அவரிடம் முதலில் கேளுங்கள். பெயரை மறைத்தால் போதாது, தொழிற்சாலையில் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். மெஷினுக்குள் கை விட்டவர் இன்னும் அங்கேயே வேலை செய்தால் அவரிடமும்தான்.

கூட்டத்துக்கு முன்பே மேலாளர்களிடம் ஒரு வாக்குறுதி வாங்கிக்கொள்ளுங்கள்: அன்றைக்கு யார் எந்தத் தவறைச் சொன்னாலும் அதற்காக நடவடிக்கை கிடையாது. இதை நீங்களே எல்லோர் முன்னாலும் அறிவியுங்கள். உங்கள் கதை முடிந்ததும் 'உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கா?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். பத்து நொடி மௌனம் மிக நீளமாகத் தெரியும். அதை நிரப்பாதீர்கள். யாராவது ஒருவர் வாய் திறந்தால், மீதி ஸ்லைடுகளை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.